ஏழு நாற்பத்தொன்று

மாதுங்காவில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் ஐந்தாறு பேர் கூட்டத்தில் சென்ற தடவை நண்பர் ஒருவர் லோக்கல் வண்டி பற்றி ஒரு கவிதை படித்தார். இரும்புப் புழு, அது மனிதர்களை விழுங்கிக் கக்குகிறது, கடிகார முள்ளில் கழுவேறிய நகரம் என்று போயிற்று. கவிதை மோசமில்லை. ஆனால் படித்து முடித்ததும் எல்லோரும் தலையாட்டிய விதம் எனக்கு உறுத்தலாக இருந்தது. ரயில் என்றால் இயந்திரம், கடிகாரம் என்றால் அடிமைத்தனம், நகரம் என்றால் அந்நியமாதல். இந்த மூன்று சமன்பாடுகள் கைவசம் இருந்தால் நகரத்தைப் பாராமலேயே நகரக் கவிதை எழுதிவிடலாம். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: கடிகாரம் என்கிறீர்களே, யாருடைய கடிகாரம்? நண்பர் அதைத் தத்துவக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பெர்க்ஸனுக்குப் போய்விட்டார். நான் கேட்டது சரித்திரக் கேள்வி. அன்றைக்குச் சொல்ல வாய்க்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் பிரயாணம். நான் டோம்பிவிலியிலிருந்து ஃபோர்ட் பகுதியில் இருக்கும் ஒரு வங்கிக் கிளைக்குப் போய்வருகிற குமாஸ்தா. என் வண்டி 7.41. பம்பாய் வண்டிகளுக்குப் பெயர் கிடையாது (ஊர் 1995இல் மும்பையாகிவிட்டது, வாய் இன்னும் பழகவில்லை). நெடுந்தூர வண்டிகளுக்கு நதிகளின் பெயரும் ராஜ வம்சங்களின் பெயரும் வைக்கிறார்கள். லோக்கலுக்கு நிமிஷம்தான் பெயர். பிளாட்பாரத்தில் தொங்கும் இண்டிகேட்டரில் போய்ச் சேரும் ஊரைக் குறிக்க ஓரெழுத்து, ஃபாஸ்ட்டா ஸ்லோவா என்பதற்கு ஓரெழுத்து, எத்தனை பெட்டி, எத்தனை மணி. அவ்வளவுதான். புதிதாக வருகிறவனுக்கு இது சங்கேத பாஷை மாதிரி இருக்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும். பிறகு தாதர் எத்தனை கிலோமீட்டர் என்று அவனைக் கேட்டால் தெரியாது. எத்தனை நிமிஷம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வான்.

இதில் ஒரு வினோதம் உண்டு. 7.41 அபூர்வமாகத்தான் 7.41க்கு வரும். 7.49க்கு வரும். அப்போதும் அதன் பெயர் 7.41தான். இண்டிகேட்டரும் அதைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். "இன்றைக்கு ஏழு நாற்பத்தொன்று எட்டு நிமிஷம் லேட்" என்பார்கள். நேரத்தின் பெயரால் அழைக்கப்படும் ஒன்று அந்த நேரத்தில் இல்லாமல் இருக்கிறது. அதனால் யாருடைய பிரக்ஞையும் கலங்குவதாகத் தெரியவில்லை. என் பெட்டியில் தினமும் சீட்டு விளையாடும் நால்வர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏழு நாற்பத்தொன்று என்பது ஒரு நேரமே அல்ல, ஒரு இடம். அங்கே குறிப்பிட்ட சிலர் இருப்பார்கள், குறிப்பிட்ட கதவருகே நிற்பார்கள், தாணேயில் இன்னும் இருவர் ஏறுவார்கள். கழுவேறிய நகரம் என்று எழுதிய நண்பர் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர் என்பதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நிமிஷம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் விஷயம்.

ரயில் சரித்திரம் எழுதுகிறவர்கள் எல்லோரும் 1853 ஏப்ரல் 16இல் ஆரம்பிப்பார்கள். போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு, 14 பெட்டிகள், 400 விருந்தாளிகள், சாஹிப், சிந்த், சுல்தான் என்று மூன்று எஞ்சின்கள், 21 குண்டு மரியாதை. பிற்பகல் மூன்றரைக்குப் புறப்பட்டது என்று மறக்காமல் எழுதுவார்கள். எந்த மூன்றரை என்று ஒருவரும் கேட்பதில்லை. அன்றைக்கு அது பம்பாயின் மூன்றரை. சூரியன் பம்பாய்க்கு நேர் மேலே வரும்போது பகல் பன்னிரண்டு என்கிற கணக்கில் மூன்றரை. ஒவ்வொரு ஊருக்கும் அதன் சூரியன் இருந்தது. 34 கிலோமீட்டர் ஓடி நின்ற வண்டிக்கு அதனால் தொந்தரவில்லை. தொந்தரவு தண்டவாளம் நீண்டபோது வந்தது. பம்பாயில் புறப்பட்ட வண்டி கிழக்கே போகப் போக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சூரியன் கொஞ்சம் முந்திக்கொண்டே இருந்தது. ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வண்டி விடுகிறவனுக்கு இது விளையாட்டு அல்ல. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களின் பத்து மணி ஒன்றாக இல்லாவிட்டால் வண்டிகள் முட்டிக்கொள்ளும்.

1870 வாக்கில் ரயில்வேக்கள் இதற்கு ஒரு வழி செய்தன. நாடு முழுவதும் ரயில் கடிகாரங்கள் ஒரே ஊரின் நேரத்தைக் காட்டும் என்று ஆயிற்று. அந்த ஊர் பம்பாயுமில்லை, கல்கத்தாவுமில்லை, மதராஸ். காரணம் மதராஸில் நல்ல வானாராய்ச்சி நிலையம் இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுப்பப்பட்டது. அதன் கருங்கல் தூண் இப்போதும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் கிரீன்விச்சுக்கு மதராஸ் 5 மணி 21 நிமிஷம் 14 வினாடி முந்தியது என்று கணித்திருந்தார். இரண்டு பெரிய நகரங்களுக்கும் இடைப்பட்ட நேரம் அது என்பதும் ஒரு சௌகரியம். நேரம் தந்தி வழியே மதராஸிலிருந்து போயிற்று. தாராவியில் பிறந்து மராத்திப் பையன்களிடம் 'மதராஸி' என்று பேச்சு வாங்கி வளர்ந்தவன் நான். பம்பாய் ரயில்வே கடிகாரங்களை நுங்கம்பாக்கம் ஓட்டிக்கொண்டிருந்தது என்று முதல் தடவை படித்தபோது கொஞ்சம் அற்பமான சந்தோஷம் ஏற்பட்டது. மறைப்பானேன்.

மதராஸ் நேரம் பம்பாய் நேரத்துக்குச் சரியாக அரை மணி முந்தியது. வீட்டுக் கடிகாரம் பத்து என்றால் ஸ்டேஷனில் பத்தரை. நெடுந்தூர வண்டி பிடிக்கிறவன் கழித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதுவரை பரவாயில்லை. ஸ்டேஷனுக்குள் ரயிலின் நேரம், வெளியே ஊரின் நேரம் என்று ஒரு சமாதானம் நிலவியது. 1881இல் கவர்னர் ஜேம்ஸ் ஃபெர்குஸன் அரசாங்க அலுவலகங்களும் மதராஸ் நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டார். ஊர் கொதித்தது. சண்டை ராஜாபாய் கோபுரத்தில் வந்து நின்றது. பல்கலைக்கழகத்தின் கடிகாரக் கோபுரம், 1878இல் முடிந்தது, பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பருத்தி வியாபாரி பணம் கொடுத்துத் தன் தாயின் பெயரை வைத்தார். அந்த அம்மாளுக்குக் கண் தெரியாது, ஜைன ஆசாரப்படி சூரியன் மறையுமுன் சாப்பிட வேண்டும், மணி ஓசை கேட்டு நேரம் தெரிந்துகொள்ளத்தான் கோபுரம் என்று ஒரு கதை சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, அர்த்தமுள்ள கதை. கடிகாரம் சூரியனுக்கு ஏவல் செய்கிறது. கோபுரத்தில் மதராஸ் நேரம் வைத்திருந்தால் அந்த அம்மாள் அரை மணி முன்னதாகவே சாப்பிட்டிருப்பாள், தர்மத்துக்குப் பங்கமில்லை. ஆனால் பல்கலைக்கழக செனட் பம்பாய் நேரத்தையே வைப்பது என்று ஓட்டுப் போட்டது. அரசாங்கம் கடிகாரத்துக்கு விளக்கேற்றும் செலவைக் கொடுக்க மறுத்தது. உத்தரவு 1883இல் வாபஸாயிற்று.

இந்த வெற்றியைப் பெரிதுபடுத்த நான் தயாரில்லை. அது வக்கீல்கள், வியாபாரிகள், பட்டதாரிகளின் சண்டை. இருட்டில் எழுந்து வேலைக்குப் போகிறவர்களின் குரல் அதில் இல்லை. அந்தக் குரல் கேட்பதற்கு 1906 வரை காத்திருக்க வேண்டும்.

1906 ஜனவரி முதல் தேதி இந்திய ஸ்டாண்டர்டு நேரம் வந்தது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. மதராஸ் ஒன்பது நிமிஷத்தை விட்டுக்கொடுத்து முணுமுணுக்காமல் சேர்ந்துகொண்டது. கல்கத்தா 24 நிமிஷம் பின்னுக்கு வர மறுத்து 1948 வரை தன் நேரத்தையே வைத்துக்கொண்டது. பம்பாய் 39 நிமிஷம் முன்னுக்குப் போக வேண்டும். வங்காளப் பிரிவினை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கர்ஸன் போய்விட்டார், அவர் மேலிருந்த ஆத்திரம் போகவில்லை. நேர மாற்றமும் மேலிருந்து திணிக்கப்பட்ட இன்னொன்று என்று கண்டனக் கூட்டங்கள் நடந்தன. இதுவும் தலைவர்கள் மட்டத்துச் சங்கதிதான்.

ஆனால் அதே ஜனவரியில் ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளிகள் புதிய நேரத்துக்கு வேலை செய்ய மறுத்து வெளியே வந்தார்கள். இவர்களுக்கு கர்ஸன் காரணமில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஜனவரியில் பம்பாயில் சூரியன் உதிப்பது ஸ்டாண்டர்டு நேரப்படி சுமார் ஏழே கால். பம்பாய் நேரப்படி அது ஆறரை சொச்சம். காலை ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதுகிறது என்று வைத்துக்கொள்வோம் (இங்கே அதைப் போங்கா என்பார்கள்). பழைய நேரமானால் விடிவதற்கு அரை மணி முன்னால் உள்ளே போகலாம். புதிய நேரமானால் ஒன்றே கால் மணி முன்னால். கடிகாரத்தில் எழுதியிருப்பது அதே ஆறுதான். எழுந்திருக்கிறவனுக்கு அது நள்ளிரவு. அதற்குச் சற்று முன்புதான் ஆலைகளில் மின்விளக்கு போட்டு இருட்டிலும் வேலை வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அதை எதிர்த்து 1905இல் கலவரம் நடந்தது. விளக்கு மாலையில் வேலையை நீட்டியது, நேரம் காலையில் தூக்கத்தை வெட்டியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் 'கடிகாரத்தின் கொடுங்கோன்மை' என்று எழுதுவது சோம்பேறித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

மாநகராட்சி தன் கடிகாரங்களை மாற்ற மறுத்தது. 1906இல் எடுத்த இந்த நிலை விடுதலைக்குப் பிறகும் 1950கள் வரை நீடித்தது என்பதை இன்று பம்பாய்க்காரர்களே நம்ப மாட்டார்கள். ரயிலுக்கு ஒரு நேரம், நகரசபைக்கு ஒரு நேரம். விக்டோரியா டெர்மினஸுக்கு எதிரே மாநகராட்சிக் கட்டிடம். இரண்டு ஸ்தாபனங்களுக்கும் இடையில் ஒரு சாலையும் 39 நிமிஷமும். யாராவது மணி சொன்னால் "ஸ்டாண்டர்டா, பாம்பேயா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரில்தான் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார வண்டி ஓடியது. 1500 வோல்ட் நேர்மின்சாரம், நான்கு பெட்டிகள். நாட்டில் முதன்முதல். 1928இல் மேற்குப் பாதையில் கொலாபாவிலிருந்து போரிவிலி வரை மின்சாரம் வந்தது. கொலாபா முனையம் 1930 முடிவில் மூடப்பட்டது, கடைசி ஸ்டேஷன் சர்ச்கேட்டாயிற்று. மின்சாரத்தால் வேகம் கூடியது என்பார்கள். வாஸ்தவம். அதைவிட முக்கியம், நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்ப முடிந்தது. நீராவி எஞ்சின் மூச்சிழுத்துக் கிளம்பவே நேரமாகும், கடைசி ஸ்டேஷனில் அதைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோக இன்னும் நேரம். மின்வண்டிக்கு இரண்டு பக்கமும் தலை. டிரைவர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தால் போதும். வண்டிக்குப் பின்னால் வண்டியாக, சில நிமிஷ இடைவெளியில் விட முடிந்தது. அப்போதுதான் நிமிஷத்துக்கு மதிப்பு வந்தது. மணிக்கு ஒரு வண்டி போகிற ஊரில் யாரும் வண்டியை 7.41 என்று கூப்பிட மாட்டார்கள், காலை வண்டி என்பார்கள். நிமிஷம் பெயராக வேண்டுமானால் 7.38உம் 7.45உம் இருக்க வேண்டும்.

ஆனாலும் ஆலைத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் வெகுகாலம் இந்த நிமிஷத்துக்குள் வரவில்லை. பரேல், லால்பாக் சால்களில் குடியிருந்து சங்கொலிக்கு நடந்தே வேலைக்குப் போனார்கள். கர்ரி ரோடு, சிஞ்ச்போக்லி, எல்பின்ஸ்டன் ரோடு என்று அவர்களைச் சுற்றி ஸ்டேஷன்கள் இருந்தன. அவர்களுடைய காலம் போங்காவுடையது. 1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முறைப்படி முடியவே இல்லை, கரைந்துபோயிற்று. ஆலைகளும் கரைந்தன. சங்கு நின்ற இடத்தில் கண்ணாடி அலுவலகங்கள் வந்தன. பக்கத்துச் சாலிலிருந்து யாரும் அங்கே நடந்து போவதில்லை. விரார், கல்யாண், பன்வேல் என்று தூரத்திலிருந்து வந்து இறங்குகிறார்கள், எல்லோரும் ஒரே அரை மணிக்குள். 2017 செப்டம்பர் 29 காலை மழையில் எல்பின்ஸ்டன் ரோடு நடைபாலத்துப் படிக்கட்டில் நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். மழை, வதந்தி, குறுகலான படி என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாம் சரிதான். வேறொரு காலத்துக்கென்று கட்டிய படி அது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அடுத்த வருஷம் ஸ்டேஷனுக்குப் பெயர் மாறியது, பிரபாதேவி.

பவுண்டின் மெட்ரோ கவிதையைப் பற்றி நம் பத்திரிகைகளில் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. பாரிஸில் லா கான்கார்ட் ஸ்டேஷனில் இறங்கியபோது முகங்களைக் கண்டார், முப்பது வரி எழுதிக் கிழித்தார், கடைசியில் 1913இல் இரண்டு வரியாக வெளிவந்தது. சுருக்கத்துக்கு இதைவிட நல்ல பாடமில்லை. ஆனால் அந்த முகங்கள் எங்கே போய்க்கொண்டிருந்தன, எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது வெட்டிய இருபத்தெட்டு வரிகளிலாவது இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அவரும் வண்டியில் வந்து இறங்கியவர்தான். மஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர் அல்ல. நாம் அவரிடமிருந்து சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, அந்த ஓய்வையும் கடன் வாங்கிக்கொண்டோம்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர். வேலைக்கு நடந்தே போவார். ரயிலில் ஏறியதே குறைவு, கைக்கடிகாரம் கட்டியதில்லை. மாஹிம் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் எங்கள் குடிசை. விடியற்காலை முதல் வண்டி போனதும் எழுந்துவிடுவார். "வண்டி போயிட்டு, எந்திரிங்கலே" என்று எங்களையும் எழுப்புவார். அதற்குப் பிறகு எந்தச் சத்தம் எந்த வண்டி என்று அவருக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் வருவதும், அம்மா அடுப்புப் பற்றவைப்பதும், நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்புவதும் அந்தக் கணக்கில்தான். ஏறாதவனுக்கும் ரயில் நேரம் கொடுத்தது. அதை அடிமைத்தனம் என்று அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

இதற்கு மறுபக்கமும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கொரோனாவில் 2020 மார்ச்சில் லோக்கல் நின்றது. நாளொன்றுக்குச் சுமார் 75 லட்சம் பேர் ஏறி இறங்கிய வண்டிகள். ஜூன் 15 முதல் அத்தியாவசிய ஊழியர்களுக்கு மட்டும் ஓடியது, பிறகு வங்கிக்காரர்களையும் சேர்த்தார்கள். நான் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் காலியான 7.41இல் கால் நீட்டி உட்கார்ந்து போனேன். என் அண்ணன் தாதரில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளன். அவனுக்கு அனுமதி 2021 பிப்ரவரி முதல் தேதிதான் கிடைத்தது, அதுவும் நேரம் வகுத்து. காலை ஏழு மணி வரை ஏறலாம். பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு. இரவு ஒன்பதுக்கு மேல். கூட்டத்தைப் பிரிக்க வேண்டும் என்ற நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் கடை திறப்பது பத்து மணிக்கு, மூடுவது எட்டுக்கு.

அண்ணன் 6.35இல் போனான். ஏழே முக்காலுக்குள் தாதர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடை வாசலில், ஷட்டருக்கு முன்னால். இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை மறுபடி. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். தம்பியாகிய நான் 7.41, அவன் 6.35. ஒரே வீடு, ஒரே பாதை, ஒரே பாஸ். 1906இல் வெளியே வந்த அந்த ஆலைக்காரர்களைப் பற்றி நான் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். 39 நிமிஷத்துக்கு அவர்கள் வெளியே வந்தார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "அவங்க எத்தனை பேரு?" என்று கேட்டான். ஆயிரக்கணக்கில் என்றேன். "நான் ஒருத்தன்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

ஆகஸ்டில், இரண்டு ஊசி போட்டவர்கள் எந்த நேரமும் ஏறலாம் என்று ஆயிற்று. அண்ணன் இப்போது 8.26இல் போகிறான். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை அண்ணி பன்னிரண்டு நிமிஷம் முன்னால் வைத்திருக்கிறாள். பன்னிரண்டு என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கழித்துக்கொண்டுதான் பார்க்கிறோம்.